தமிழ் பேசும் வழிகாட்டி

பிப்ரவரி 9, திங்கள்

துபாய் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஊர் பார்க்க என்றேன். முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பொய்யைப் பிடித்தவள் நான். என் பொய்யைப் பிடிக்க அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள்.

நான் வந்தது ஆவுடையைத் தேட. என் ஒரே மகன். ஆவுடையப்பன், வயது முப்பத்திரண்டு. அவன் அப்பா போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். அது அவனுக்குத் தெரியாது. அவன் எண்ணைப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. கொள்ளி வைக்க அவர் தம்பி மகன் குத்தாலிங்கத்தை நிறுத்தினோம். பதினாறாம் நாளும் அவன்தான் உட்கார்ந்தான். இந்த ஊரில் எங்கோ ஓர் இடத்தில் என் பிள்ளை, அப்பா அம்பாசமுத்திரத்தில் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்கிறான். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

திருநெல்வேலியில் ஒரு டிராவல்ஸில் விசா, ஹோட்டல், தனி வண்டி, தமிழ் பேசும் வழிகாட்டி என்று ஐந்து நாளைக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். மதுரைக்கு அப்பால் நான் தனியாகப் போனதில்லை. ஊர் தெரிந்த ஆளும் வண்டியும் ஐந்து நாள் என் கைவசம் இருக்கும் என்றுதான் இதை எடுத்தேன். குத்தாலிங்கம் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். முப்பது நாள் கழியாமல் வாசல் தாண்டுகிறாளே என்று பேசுவார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் கோயம்புத்தூருக்குக் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வழிகாட்டியின் பெயர் நெய்னா முகம்மது. காயல்பட்டினம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வண்டியும் அவரே ஓட்டுகிறார். அட்டையில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிப் பிடித்திருந்தார். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஹோட்டல் அறை நான்காம் மாடி. ஜன்னல் திறக்க வராது. ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புகிற விமானம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றைய நிரலில் பழைய கோட்டை, படகில் கழிமுகத்தைக் கடப்பது, மசாலாக் கடைத்தெரு. நெய்னா நன்றாகத்தான் விளக்குகிறார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்ததில் இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன்.

படகுத்துறையில் வைத்துப் போட்டோக்களை எடுத்துக் காட்டினேன். பதினான்கு போட்டோ. இந்த இரண்டு வருடத்தில் தீபாவளி, பொங்கல், என் பிறந்தநாள் என்று நல்ல நாள் ஒன்று விடாமல் அவன் அனுப்பியவை. எல்லாம் இந்த ஊரின் பெரிய பெரிய இடங்களுக்கு முன்னால் நின்று எடுத்தது. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கொடுத்துத் தாளில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

"இது யாரும்மா?"

"என் மவன். இங்க இன்ஜினியரா இருக்கான். அட்ரஸ் எழுதி வச்சிருந்த தாளு எங்கயோ போயிட்டு. அவனைக் கொஞ்சம் பாக்கணும்."

"போன் நம்பர்?"

"மாத்திட்டான்."

"உங்ககிட்ட சொல்லாமலா?"

"வேலை மும்முரத்துல மறந்திருப்பான்."

நெய்னா போட்டோக்களைத் திரும்ப ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு கம்பெனி பெயரைக் கேட்டார். சொன்னேன். மசாலாக் கடைத்தெருவை விட்டுவிட்டு அங்கே போனோம். கட்டடம் இருந்தது, பெயர்ப்பலகை வேறாக இருந்தது. வாசலில் இருந்த மலையாளத்துக் காவல்காரர், அந்தக் கம்பெனியை மூடி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஏன் இல்லை என்று நெய்னா கேட்கவில்லை.

"இன்ஜினியர்னா வேற கம்பெனிக்கு மாறியிருப்பாரும்மா. நாளைக்கு நாலு சைட்ல கேட்டுப் பாப்போம்" என்றார்.

சாயங்காலம் ரவிக்கையைத் துவைத்துக் குளியலறைக் கம்பியில் போட்டேன். வீட்டுக்காரர் போனதை நெய்னாவிடம் சொல்லவில்லை. என் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

பிப்ரவரி 11, புதன்

அந்த உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போக வேண்டிய நாள் இது. அங்கே ஏறி என் பிள்ளையைத் தேட முடியுமா என்று கேட்டேன். டிக்கெட் ஏற்கெனவே எடுத்தது, ஒரு மணி நேரம்தான், அதற்குள் நான் நாலு பேரிடம் போனில் விசாரிக்கிறேன் என்று நெய்னா சொன்னதால் ஏறினேன்.

ஏறியிருக்கக் கூடாது. கீழே பார்த்தால் ஊர் முடிகிற இடமே தெரியவில்லை. எத்தனை கட்டடம், எத்தனை ஜன்னல். ஒரு பத்திரம் என்றால் வடக்கே இன்னார் வயல், தெற்கே வாய்க்கால் என்று நான்கு எல்லை இருக்கும், நடுவில் உள்ளதைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு எல்லை எங்கே இருக்கிறது. இதில் ஒருத்தனை எப்படித் தேடுவது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் போன அன்றுகூட வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இப்படி அழவில்லை. வெளியே ஒரு வெள்ளைக்காரப் பெண் தாள் துண்டு எடுத்து நீட்டினாள்.

பிறகு நான்கு கட்டுமான இடங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆவுடையப்பன் என்று ஓர் இன்ஜினியர் உண்டா என்று நெய்னா இந்தியிலும் மலையாளத்திலும் கேட்டார். மூன்றாவது இடத்தில் தென்காசிப் பையன் ஒருவன் வந்து, எங்க பக்கத்து ஆளு ஒருத்தரையும் எனக்குத் தெரியாமல் இருக்காதே என்று யோசித்தான். அப்படி ஒருவர் இல்லை என்றான்.

காலில் செருப்பு வார் பதிந்து வீங்கிவிட்டது. சாப்பாடு கராமா பகுதியில் ஒரு தமிழ் மெஸ்ஸில். ரசம் நன்றாக இருந்தது, என்னால் இரண்டு கரண்டிக்கு மேல் இறக்க முடியவில்லை.

வண்டியில் நெய்னா, "அம்மா, வேற ஏதாவது தகவல் இருந்தா சொல்லுங்க. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

இல்லை என்று சொன்னேன். இரண்டு நாள் போய்விட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் கடற்கரை மசூதிக்குப் போனோம். நான் இறங்கவில்லை. நெய்னா போட்டோக்களைக் கேட்டு வாங்கி, பதினான்கையும் வண்டி முன்பக்கத்து மூடிமேல் வரிசையாகப் பரப்பினார். காற்றில் பறக்காமல் இருக்க ஒன்றின் மேல் தண்ணீர் பாட்டில், ஒன்றின் மேல் சாவி.

"அம்மா, இறங்கி வாங்க. தப்பா நினைக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "பதினெட்டு வருசமா இந்த வேலை பாக்குறேன். ஊர் சுத்த வந்தவன் உள்ள போய் நின்னு எடுப்பான். மசூதின்னா உள் முற்றத்துல, கோட்டைன்னா பீரங்கி பக்கத்துல. இது பூரா வெளிய, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்தது. இந்தா, இந்தப் போட்டோ நாம இப்ப நிக்கிற இடம்தான். கெஸ்ட்ட உள்ள அனுப்பிட்டு டூர் வண்டிக்காரங்க காத்துக்கிட்டு நிக்கிற இடம். பதினாலும் அப்படித்தான் இருக்கு. இன்ஜினியருக்கு அங்க என்ன சோலி?"

நான் சாவி வைத்திருந்த போட்டோவை நேராக்கி வைத்தேன்.

"சட்டையப் பாருங்க. பதினாலுலயும் வெள்ளைச் சட்டை, கருப்பு பேண்ட்." தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் இதுதான்."

"வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, வெளியிலேயே நின்றார். வெயில் சுள்ளென்று இருந்தது. பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியும். இந்த டைரியில்கூட மூன்று நாளாக நான் அதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் சிவகாமி, எங்களுக்குத் தூரத்து உறவு. அவளும் வீட்டுக்காரரும் துபாய் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். "மைனி, ஒங்க ஆவுடைதான் எங்களை மூணு நாளும் சுத்திக் காமிச்சான். பெட்டியெல்லாம் அவனே தூக்கி வச்சான். இவுகளுக்கு முட்டு வலின்னு சக்கர நாற்காலி கொண்டாந்து தள்ளிக்கிட்டே வந்தான். தங்கமான பிள்ளை" என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். எதிர்வரிசை வரைக்கும் கேட்டது. அந்தப் பந்தியில் இருந்த அத்தனை பேரிடமும், என் மகன் துபாயில் பாலம் கட்டுகிறான் என்று நான் சொல்லியிருக்கிறேன். பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவனுக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

இல்லை, அதையும் முழுதாக எழுதுகிறேன். கம்பெனி மூடி இரண்டு வருடம் ஆயிற்று, உங்களுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றான். அவனை மேலே பேசவிடவில்லை. "ஊர்ல யாராச்சும் கேட்டா செத்துட்டான்னு சொல்லிக்கிடுதேன். எனக்கு அது லேசு" என்று சொன்னேன். அவன் "சரிம்மா" என்றான். அவ்வளவுதான் அவன் கடைசியாகப் பேசியது. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. இனி இந்த வீட்டில் அவன் பேரை எடுக்கக் கூடாது என்று அவருக்கும் உத்தரவு போட்டேன். மூன்று மாதம் அவரும் எடுக்கவில்லை. தை மாதம் அவர் போன அன்றுதான் அவன் எண்ணைத் திரும்பப் போட்டேன்.

எல்லாவற்றையும் நெய்னாவிடம் சொன்னேன், அவர் போனது உட்பட. "முதல் நாளே சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தினால் என்ன, எனக்குத் தெரியாதா. இன்ஜினியர் என்ற ஒரு சொல்லுக்காக ஐந்து நாளில் இரண்டைத் தொலைத்தவள் நான்.

ஒரு போட்டோவைத் தன் போனில் படம் பிடித்து, டூர் வண்டிக்காரர்கள் இருக்கிற குழுவில் போட்டார். "இந்தத் தம்பியத் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பேரு ஆவுடையப்பன். ஊருல இருந்து உம்மா வந்து தேடிக்கிட்டு இருக்காங்க" என்று பேசி அனுப்பினார். குழுவில் நானூறு பேர் இருக்கிறார்களாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை எட்டு. பதில் இல்லை.

பதினொன்று. இல்லை. இன்று பாலைவனத்துக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். வேண்டாம் என்று சொல்லி அறையிலேயே இருக்கிறேன். நெய்னா ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார். சேலையை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். செத்துட்டான் என்று நான் சொன்ன வாய் முகூர்த்தம் பலித்திருந்தால் என்ன செய்வேன். இந்தப் பயம் ஊரிலிருந்தே என்னோடு வருகிறது. எழுதினால் நிஜமாகிவிடும் என்று இதுவரை எழுதவில்லை.

மூன்று மணி. நெய்னா கீழே வரச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டேன். "உயிரோட நல்லா இருக்கான்மா, உக்காருங்க" என்றார் முதலில். நல்ல மனிதர். பிறகு போனைக் காட்டினார். ஆவுடையே அவருக்குத் தனியாக எழுதியிருந்தான்.

'அண்ணே, அந்த போட்டோவை குழுவில் இருந்து எடுத்துருங்க. அம்மாவை நல்லபடியா ஏர்போர்ட்டில் விட்டுருங்க. நான் வரல.'

அவனிடம் இருந்து வந்த எழுத்து. அதில் என்னை அம்மா என்றுதான் போட்டிருக்கிறான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி வார்த்தையைப் படிக்கவே சிறிது நேரம் ஆயிற்று.

"வாப்பா மவுத்தான விஷயத்தச் சொன்னா பிள்ள ஓடி வந்துருவான்மா. இப்பவே போட்டுறவா?" என்றார் நெய்னா.

கூடாது என்றேன். முன்பின் தெரியாத ஒருவர் போனில் தட்டி அதை அவன் படிக்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. செத்தவரைக் காட்டி அவனை இழுத்துவந்தால் அவன் அவருக்காக வருவான். எனக்காக வருவானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இது சுயநலம்தான். இருபத்தாறு நாளாக அவனுக்குத் தெரியாமல் வைத்திருப்பதும் போதாதென்று, இதற்காகவும் இன்னொரு நாள் அவனைக் காக்கவைக்கிறேன்.

நெய்னா ஒரு வழி சொன்னார். ஆவுடை எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று அதற்குள் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். சிறிய கம்பெனி. தமிழ்க்காரர்கள் போன் செய்து, முன்பு வந்த இன்ன வழிகாட்டிதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது உண்டு. கேட்டால் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். இரண்டு மணி நேரச் சுற்று, ஒரே ஆள், சனிக்கிழமை மாலை நான்கு மணி.

"என் மச்சினி பேர்ல போட்டுருவோம். உங்க பேரு டூட்டிச் சீட்டுல இருந்தா அவன் பாத்துருவான்" என்றார்.

"வேண்டாம் தம்பி. என் பேர்லயே போடுங்க."

"அவன் உடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா கம்பெனி வேற ஆள அனுப்பிரும்மா. உங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு நாள்தான்."

"முப்பத்தொரு வருசம் கள்ளப் பேர்ல ஒரு பத்திரம் என் மேசையத் தாண்டுனதில்ல. உலகம்மாள்னே போடுங்க. பாத்துட்டு வந்தா வரட்டும்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். அவர் மச்சினி பெயரிலேயே போட்டிருக்கலாம். கீழே போய் மாற்றச் சொல்ல இரண்டு தடவை லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

பிப்ரவரி 14, சனி

இப்போதுதான் அறைக்கு வந்தேன். முடிகிற வரைக்கும் எழுதுகிறேன்.

இரண்டரைக்கே ஹோட்டல் வரவேற்பறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். நெய்னா எதிரே தெருவில் நின்றார். நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வெள்ளை வண்டி ஒன்று வந்தது. ஆவுடை இறங்கினான். மெலிந்திருந்தான். கண்ணாடி போட்டிருக்கிறான், முன்பு கிடையாது. நெற்றியில் முடி ஏறிவிட்டது. நேராக என் முன்னால் வந்து நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்து, "வணக்கம். என் பேரு ஆவுடையப்பன். இன்னிக்கு உங்களுக்கு நான்தான் கைடு" என்றான்.

மூன்று வாரமாக நான் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "வணக்கம்" என்றேன்.

பின்கதவைத் திறந்துவிட்டான். உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் பேச ஆரம்பித்தான். இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க என்று. ஒரு காலத்தில் இந்த ஊர் ஆட்கள் முத்துக் குளித்துப் பிழைத்தார்கள், மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள் என்று சொன்னான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் அவன் ஆரம்பித்தால் மீதியை நான் பேசி முடித்துவிடுவேன்.

"இப்பவும் முத்து எடுக்காங்களா?" என்று கேட்டேன். ஊர் பார்க்க வந்தவள் கேட்பதுபோல.

"இல்ல. ஜப்பான்காரங்க வளர்ப்பு முத்து கொண்டாந்த பொறவு இங்க தொழில் படுத்துட்டு" என்றான். திரும்ப இடது பக்கம் பாருங்க என்று ஆரம்பித்துவிட்டான்.

வண்டி ஓட்டுகிறவனிடம் எப்படிச் சொல்வது. நிற்கட்டும் என்று காத்திருந்தேன். கழிமுகக் கரையில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தான். திரும்பவில்லை. எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்பா எப்படி இருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். "மூணு வாரமா அப்பாட்ட இருந்து ஒண்ணும் வரல. நான் வாட்ஸப்ல பேசி அனுப்புறதெல்லாம் போய்ச் சேராம ஒத்த டிக்கோட அப்படியே நிக்கி. நீங்க கண்டுபிடிச்சுட்டியளோன்னு நெனச்சேன். இல்லன்னா அப்பாவே என்னைய வேண்டாம்னு பிளாக் பண்ணிட்டாங்களோன்னு. அதுலதான் எனக்கு எதுவுமே ஓடல. எங்கயும் வரப் பிடிக்கல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரு ஒங்கிட்ட பேசிக்கிட்டா இருந்தாரு?"

"நீங்க சத்தம் போட்ட மறுநாளே புது நம்பர் அவங்களுக்குக் கொடுத்தேன். அதுக்கு முன்னாலயும் அப்பாவுக்குத் தெரியும். கம்பெனி மூடுன அன்னைலருந்து தெரியும். தெனமும் ஆத்துப் பாலத்துக்கு நடக்கப் போவாங்கல்லா, அப்பதான் பேசி அனுப்புவாங்க. நான் வண்டிய நிப்பாட்டிட்டுக் காத்துக் கெடக்கும்போது கேப்பேன்."

சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கப் போவார். சர்க்கரைக்கு நல்லது என்று நான்தான் அனுப்புவேன்.

"அவரு போன் பீரோவுல இருக்கு. நான்தான் அணைச்சு வச்சேன்" என்றேன்.

"ஏன்?"

"பேசுதவரு இல்லையேன்னு, ஐயா."

இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயில் இருந்து அதுதான் வந்தது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"எப்ப?"

"தை அஞ்சாம் தேதி காலையில. சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவே நேரமில்ல."

"யாரு கொள்ளி வச்சா?"

"குத்தாலிங்கம்."

கதவைத் திறந்து இறங்கிப் போய்க் கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் போகலாமா, போக எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தெரியாமல் வண்டிக்குள்ளேயே இருந்தேன். பிறகு போனேன். நான் அன்று சொன்னது தப்பு என்றேன். அதை விடுங்க என்றான். விட முடியாது, தப்பு, மன்னிச்சுக்கோ ஐயா என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்பாவுக்குப் போஸ்டர் அடிச்சியளா?"

"அடிச்சோம்."

"என் பேரு போட்டியளா?"

"போட்டேன்."

"என்னன்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் பார்க்கவா போகிறான், மழையில் கிழிந்தே போயிருக்கும். "மகன் ஆவுடையப்பன், இன்ஜினியர், துபாய்னு" என்றேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க" என்றான். அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தான். முதுகு குலுங்க, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். படகுக்குப் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவன் முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை.

ஆறு மணிக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு என்னை ஹோட்டலில் கொண்டுவந்து விட்டான். இருபத்தெட்டாம் தேதி நாற்பத்தொன்றாம் நாள் என்றேன். "லீவு கேக்கணும். கெடைக்குமான்னு தெரியல. கெடைச்சாலும் வருவனான்னு எனக்கே தெரியலம்மா" என்றான். புது எண்ணை நான் கேட்கவில்லை. அவனும் தரவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

விமான நிலையம். நெய்னா பெட்டியை உள்ளே வரைக்கும் தள்ளி வந்து விட்டுவிட்டுப் போனார். காயலில் அவர் உம்மாவைப் போய்ப் பார்க்கச் சொன்னார். போக வேண்டும்.

குத்தாலிங்கத்துக்குப் போன் போட்டு, பீரோ சாவி இருக்கிற இடத்தைச் சொல்லி, பெரியப்பா போனை எடுத்து சார்ஜ் போட்டு உயிர்ப்பிக்கச் சொன்னேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டான்.

"பெரியம்ம, பேசி அனுப்புனது வரிசையா வந்து விழுது. இருபத்தாறு இருக்கு. எல்லாம் ஒரே நம்பர்ல இருந்து."

கடைசியானது எப்போது என்று கேட்டேன். நேற்று, நம் ஊர் நேரம் ஐந்து பத்து என்றான். இங்கே மூன்று நாற்பது. என் ஹோட்டலுக்கு வருகிற வழியில் எங்கோ வண்டியை நிறுத்தி, போகவா வேண்டாமா என்று அவரிடம் கேட்டிருப்பான். ஒரு பதிலும் வராமலேதான் நான்கு மணிக்கு வந்து என் முன்னால் நின்றிருக்கிறான்.

"போட்டுக் கேக்கட்டுமா பெரியம்ம?"

"வேண்டாம். அது பெரியப்பாவுக்கு வந்தது. தொடாத."

விமானத்துக்கு வரிசை நிற்கச் சொல்லிவிட்டார்கள். பையை எடுத்துத் தோளில் போட்டேன். போனை வைக்கப் போனபோது, "பெரியம்ம, இருங்க, இருங்க" என்றான் குத்தாலிங்கம். "இப்ப இன்னொண்ணு வந்திருக்கு. அங்க அவனுக்கு ரெண்டு டிக் விழுந்துருக்கும்லா, அதப் பாத்துட்டுப் போட்டிருக்கான். இது பேச்சு இல்ல, எழுத்து."

"என்ன போட்டிருக்கான்?"

"'அம்மா, நீங்களா?'ன்னு போட்டிருக்கான். என்ன சொல்ல?"

எனக்குப் பின்னால் நின்றவர்கள் முன்னால் போகச் சொன்னார்கள். நான் நகரவில்லை.

"ஆமான்னு போடு" என்றேன்.